மரணம் என்றால் மட்டும்

ரூஜ், ஸ்காபரோ, கனடா
08.09.2024

அன்புள்ள சிஸ்டர் மாமிக்கு,

இன்று மாதாவின் பிறந்தநாள். மடத்தில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் மழைக்கு முதல்நாள் முழங்கால் நோகிறது. ரீவியில் சொல்லும் வானிலையை விட அது திறம் என்று அம்மா சொல்கிறா.

ஒரு நல்ல செய்தி. பட்டம் எடுத்துப் பதினான்கு மாதத்துக்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கம்பனி. புள்ளிவிபரம் படித்த பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கோயிலில் கேட்டவர்களுக்கு அம்மாவிடம் இப்போது பதில் இருக்கிறது: “என்ர மகள் சற்றலைற்றில வேலை.” கரோலின் அன்ரி நான் விண்வெளிக்குப் போவதாக நினைத்து, அங்கே குளிருமோ என்று விசாரித்தா.

உண்மையில் நான் இருப்பது இரண்டாம் மாடியில், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, ஒரு கட்டடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணிப்பதுதான் வேலை. வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் எங்கே எத்தனை பேர் சிக்கியிருப்பார்கள் என்று தெரிவதற்காம். முதலில் கொம்பியூட்டர் ஒரு எண் சொல்லும். நாங்கள் பார்த்துத் திருத்துவோம். கொம்பியூட்டர் கொடியில் காயும் உடுப்பைப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். எத்தனை பள்ளிச் சீருடை, எத்தனை குழந்தைத் துணி என்று. கூட்டங்களில் வாய் திறக்கமாட்டேன், ஆனால் என் எண் சரியாக வருகிறது என்று சொல்கிறார்கள்.

மற்ற உறவினர் எல்லோரும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். வெளியே வராத மடத்தில் இருக்கும் உங்களோடு மட்டும்தான் கடிதம். பத்து வயதில் இங்கே வந்த எனக்குத் தமிழ் எழுத்து மறக்காமல் இருப்பது உங்களால். வாயால் பேசக் கூச்சப்படுகிறவளுக்கு இது வசதியும்கூட.

இன்றைக்கும் அப்பா கோயிலுக்குள் வரவில்லை. வழக்கம்போல வாசல் கதவுக்கு வெளியே நின்றுதான் பூசை கண்டார்.

எங்கள் மூவருக்காகவும் செபியுங்கள்.

உங்கள் மருமகள்,
நிரோஷினி


அடைபட்ட மடம்
05.10.2024

இயேசுவில் அன்பான நிரோவுக்கு,

சமாதானம் உன்னோடும் வீட்டாரோடும் இருப்பதாக. உன் கடிதம் வந்துசேர இருபத்துநான்கு நாள் எடுத்தது. எல்லாக் கடிதத்தையும் மதர் வாசித்துவிட்டுத்தான் தருவா என்பது உனக்குத் தெரியும். இதைச் சிரித்துக்கொண்டே தந்தா. கரோலின் அன்ரிக்காகவும் செபிக்கச் சொன்னா.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் மேசை வேலை. உன் அப்பாவுக்கு, என் தம்பி றெமிஜியஸுக்கு, என் வாழ்த்தைச் சொல். அவன் பாண் பேக்கரியில் இரவு பகல் பாராமல் நின்றதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

நீ செய்யும் வேலை எனக்கு விளங்குகிறது. நானும் அதைத்தான் செய்கிறேன். பதினோரு பங்குகளுக்கு நாங்கள் நற்கருணை அப்பம் சுட்டு அனுப்புகிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்று குருமார் எழுதி அனுப்புவார்கள். நான் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சுடுவேன். குறைந்தால் யாராவது ஒரு மனிதர் வெறும் நாக்கோடு திரும்பவேண்டி வரும்.

எனக்குச் சுகம். வலது தோள் மட்டும் பழையபடிதான். அதனால் மணி அடிக்கும் முறையிலிருந்து என்னை விலக்கி வைத்திருக்கிறார்கள். மற்றச் சிஸ்டர்மார் ஆளுக்கொரு கிழமை அடிப்பார்கள். நான் அப்பம் சுடும் அடுப்போடு.

ஒன்றை மறக்காதே. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்திலும் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வந்ததைத் திறப்பதுமில்லை. மரணச் செய்தி என்றால் மட்டும் உள்ளே வரும். போன வருடம் இதை மறந்துவிட்டுக் கோபித்துக்கொண்டாய். திருவருகைக் காலம் தொடங்கும் மார்கழி முதலாம் திகதிக்கு முதல் எழுது.

செபத்தில் உன்னை வைத்திருக்கும்,
மாமி பேர்ணடெற்


ரூஜ்
02.11.2024

அன்புள்ள சிஸ்டர் மாமிக்கு,

உங்கள் தோளுக்கு இப்போது எப்படி? நாங்கள் சுகம். இன்று மரித்தோர் நாள். அப்பா கேட்டபடி பெயர் எழுதாமல் ஒரு கட்டு மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தினோம். யாருக்கு என்று கேட்டேன். “எல்லாருக்கும்” என்றார்.

வேலையில் என்னை வேறொரு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். உள்ளே போக அட்டை வேண்டும், போனை வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும். அங்கே பொறுப்பாக இருப்பவர் அம்ஹர் நானா. மன்னார் ஆள். தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம் சனத்தோடு ஆயுத இயக்கத்தால் ஊரை விட்டு எழுப்பப்பட்டு, புத்தளத்தில் முகாமில் வளர்ந்தவர். என்னோடு தமிழில் பேச இங்கே வேறு ஆள் இல்லை.

இப்போது ஒரே ஒரு நகரம்தான் பார்க்கிறேன். பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது. கட்டடங்களுக்கு இலக்கம் மட்டும். ஆனால் தினமும் பார்த்தால் ஊர் பழகிவிடுகிறது. 212ஆம் இலக்கத்தின் கூரையில் புறா வளர்க்கிறார்கள். 305இல் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது. கொடியில் ஒரு கிழமையாகச் சின்னத் துணிகள். பாண் கடைக்கு முன்னால் நீளும் நிழலை வைத்து வரிசையை எண்ணுகிறேன்.

யாருக்காக இந்த எண்கள் என்று சொல்லவில்லை. வெள்ளம் வரும் ஊராகத் தெரியவில்லை. கேட்கவேண்டும். கூச்சமாக இருக்கிறது.

மாமி, ஆசீர்வதியுங்கள்.

நிரோ


அடைபட்ட மடம்
28.12.2024

இயேசுவில் அன்பான நிரோவுக்கு,

பாலன் பிறந்த மகிழ்ச்சி உங்கள் வீட்டிலும் நிறைவதாக. திருவருகைக் காலத்தில் வந்த கடிதங்களை மதர் ஒரு மரப்பெட்டியில் போட்டு ஊதாத் துணியால் மூடி வைப்பா. நத்தாருக்கு அடுத்த நாள் பங்கிட்டார்கள். உன்னுடையது அடியில் கிடந்தது.

இன்று ஏரோது கொன்ற பாலகர்களின் திருநாள். பூசையில் அந்த வாசகம் வந்தபோது உன் 305ஆம் வீட்டுக் குழந்தைத் துணிகள்தான் எனக்கு நினைவு வந்தன. ஏரோது பெத்லகேமில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணச் சொல்லி யாரையாவது அனுப்பியிருப்பானோ என்று யோசித்தேன். வேதத்தில் அது இல்லை.

கேள் பிள்ளை. கூச்சம் உன்னுடையது, கேள்வி அந்த ஊருடையது.

இங்கே எல்லோரும் சுகம். நத்தாருக்கு நான்காயிரம் அப்பம் சுட்டோம். மீதமாக வந்தது நூற்றுக்கும் குறைவு.

அன்புடன்,
மாமி பேர்ணடெற்


ரூஜ்
19.01.2025

அன்புள்ள சிஸ்டர் மாமிக்கு,

புது வருட வாழ்த்து, உங்களுக்கும் மதருக்கும். எங்களுக்குப் பெரிதாக வருத்தம் ஒன்றும் இல்லை.

கேட்டேன். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நீங்களும் வெளியே போகாத ஆள், மதரும் போகாத ஆள்.

அந்த நகரத்துக்குள் ஆயுதம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வானத்திலிருந்து குண்டு போட்டுக் கொல்கிறார்கள். ஒரு கட்டடத்தில் போடுவதற்கு முதல், அங்கே ஆயுதம் இல்லாத சனம் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். நாங்கள் எண் கொடுக்கிறோம். எண் பெரிதென்றால் போடுவதில்லை. சிறிதென்றால் போடுகிறார்கள். எது பெரிது, எது சிறிது என்பது எங்களுக்குத் தெரியாது.

இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. அம்ஹர் நானா என்னைக் கன்ரீனுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நாங்க நம்பர் சொல்லாட்டி குண்டு நிக்குமெண்டு நினைக்கிறீங்களா? நம்பர் இல்லாமப் போடுவாங்க. 305ல குழந்தை இருக்கெண்டு எழுதினது நீங்கதானே. அந்த வீடு இன்னும் நிக்குது.”

அது உண்மை. நான் எழுதிய பிறகு 305 பட்டியலிலிருந்து போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆயுதக்காரர் சனத்துக்குள்ளே இருப்பது யாருடைய பிழை என்றும் கேட்டேன். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்கட வாப்பாவ வெளியில போகச் சொன்ன இயக்கப் பெடியனும் பள்ளிக்கூடத்துலதான் இருந்தான். ஊர்ச் சனத்திட்டக் கேட்டுட்டா இருந்தவன்? ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துல நானும்தான் படிச்சன்.”

ஒரு களவு செய்தேன், மாமி. நீங்கள் அப்பம் கூட்டிச் சுடுவதை நினைத்து, ஒரு வீட்டுக்கு ஆறு என்று வந்ததை இருபத்தாறு என்று எழுதினேன். அம்ஹர் நானா கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். “ஒரு பொய் பிடிபட்டா பிறகு உங்கட உண்மையையும் நம்பமாட்டாங்க. 305 மாதிரி இன்னொரு வீடு வரேக்க என்ன செய்வீங்க?” என்றார். அந்த ஆறு பேர் வீடு இப்போது படத்தில் இல்லை.

அப்பாவிடம், ஊரில் குண்டு போடும் பொம்மர் விமானம் வந்த காலத்தில் எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டுப்பார்த்தேன். “உதெல்லாம் ஏன் இப்ப உனக்கு?” என்றுவிட்டு சவளை எடுத்துக்கொண்டு பனி அள்ளப் போனார். அன்றைக்குப் பனி விழவில்லை.

வேலையை விடவா, மாமி? விட்டால் என் இடத்துக்கு வருகிற ஆள் கொடியைப் பார்ப்பாரா?

நிரோ


அடைபட்ட மடம்
14.02.2025

இயேசுவில் அன்பான நிரோவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் இருக்காதே. உன் கடிதத்தை மதர் இரண்டு தரம் வாசித்ததாகச் சொன்னா. தரும்போது இந்தமுறை சிரிக்கவில்லை.

அம்ஹர் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். பொய் இருந்தால் உனக்குப் பதில் எழுதுவது சுகமாக இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் குண்டு போட்ட பொம்மரில் இருந்தவனை முப்பது வருடமாக நினைத்திருக்கிறேன். அவனுக்காகச் செபிக்க முயன்றிருக்கிறேன். பாதி நாள் முடிந்ததில்லை. ஆனால் அவனுக்கு யாரோ ஒரு எண் கொடுத்திருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு நல்ல பிள்ளையாக இருந்திருக்கலாம் என்பதை இப்போதுதான் நினைக்கிறேன்.

விடு என்று சொல்லவோ நில் என்று சொல்லவோ எனக்கு அருகதை இல்லை. ஏன் என்று கேட்காதே.

வருகிற மாதம், பங்குனி ஐந்தாம் திகதி, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். ஏதாவது கேட்கவேண்டுமென்றால் அதற்கு முதல் என் கைக்குக் கிடைக்கிற மாதிரி எழுது. பிறகு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பெட்டி மூடிவிடும்.

செபத்தோடு,
மாமி பேர்ணடெற்


ரூஜ்
16.02.2025

அன்புள்ள சிஸ்டர் மாமிக்கு,

இரண்டு நாளாக ஓயாத பனி. வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் பதில் இன்னும் வரவில்லை, ஆனால் காத்திருக்க நேரமில்லாததால் எழுதுகிறேன்.

417ஆம் இலக்கம் ஒரு பள்ளிக்கூடம். சண்டை தொடங்கியதிலிருந்து மூடிக்கிடக்கிறது. மூன்று மாடி, தடித்த சுவர், வளவில் ஒரு காய்ந்த மரம். அதன் நிலக்கீழ் அறையில் வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கு ஆயுதக்காரரின் பெரிய ஆட்கள் கூடுகிறார்களாம். அந்த நேரத்தில் சனம் எத்தனை பேர் என்று பங்குனி பத்தாம் திகதிக்குள் சொல்லவேண்டும்.

ஏழு கிழமைப் படங்களைப் பார்த்துவிட்டேன். கொடி இல்லை. தண்ணீர்த் தாங்கி காலி. காவல்காரர் ஒருவர், அவர் மனைவி, ஒரு பிள்ளை. மூன்று பேர். எப்படிப் பார்த்தாலும் மூன்றுதான்.

ஆனால் ஏதோ இடிக்கிறது. சின்ன வயதில் அப்பா ஒருநாள் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது: “பொம்மர் வந்தா எல்லாரும் கோயிலுக்குத்தான்.” அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசியதே இல்லை.

மாமி, இதை மட்டும் எனக்கு எழுதுங்கள். பொம்மர் சத்தம் கேட்டதும் சனம் எங்கே ஓடினது? சாதாரண நாளில் அதே நேரத்தில் கோயிலுக்குள் எத்தனை பேர் இருப்பீர்கள்? பொம்மர் வந்த நாளில் எத்தனை பேர்? ஒரு உதாரணமாவது இருந்தால் நான் கூட்டத்தில் எழும்பிச் சொல்லலாம். எழும்புவேன். உண்மையாக.

கெதியாக எழுதுங்கள்.

நிரோ


அடைபட்ட மடம்
21.04.2025

இயேசுவில் அன்பான நிரோவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். உன் கடிதம் விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் பிந்தி வந்திருக்கிறது. நாற்பத்தைந்து நாள் ஊதாத் துணிக்குக் கீழே கிடந்துவிட்டு இன்று என் கைக்கு வந்தது. நீ குறித்த திகதி போய்விட்டது. அவர்கள் உனக்குத் தவணை தந்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு, கேட்டதற்கு உடனே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினால் ஒரு முழத்தில் தண்ணீர் வரும். அதனால் எல்லோருக்கும் கோயில்தான். தடித்த சுண்ணாம்புச் சுவர். மேலே இருந்து தெரியட்டும் என்று கூரையில் வெள்ளைச் சிலுவை வரைந்திருந்தோம். கோயிலுக்குப் போடமாட்டார்கள் என்று நம்பினோம். பொம்மர் சத்தம் கேட்டால் மணி அடிக்கவேண்டும். மணி கேட்டால் சனம் வந்துவிடவேண்டும். இதுதான் ஏற்பாடு.

சாதாரண நாளில் பகல் இரண்டு மணிக்குக் கோயிலில் நானும் ஒரு பூனையும்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பூச்சாடி கழுவும் வேலை. அந்த நேரத்தில் யாராவது மேலிருந்து பார்த்து எண்ணியிருந்தால் ஒன்று என்று எழுதியிருப்பார்கள். பிழை சொல்ல முடியாது.

அன்றைக்கு முதல் குண்டு சந்தைப் பக்கம் விழுந்தது. மணி அடித்தது. சனம் வந்தது. வயலிலிருந்து, கடலிலிருந்து, சமைத்த சோற்றைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு. நூற்றைம்பது பேருக்கு மேல். பொம்மர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. நாற்பத்துமூன்று பேர். பெயர்களை ஒவ்வொரு நாளும் சொல்கிறேன்.

பின்பக்கத்தில், மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில், இயக்கப் பெடியள் ஆறு பேர் இருந்தார்கள். பொம்மர் அவர்களைத் தேடித்தான் வந்தது. ஒருவன் காலில் காயத்தோடு வெளியே வந்தான். மழைக்கு முதல்நாள் முழங்கால் நோவது அதனால்தான். பிறகு இயக்கத்தை விட்டுவிட்டான். கோயிலுக்குள் போவதையும் விட்டுவிட்டான். அவனிடம் நீ ஒன்றும் கேட்காதே. அவன் கெட்டவன் அல்ல. பத்தொன்பது வயது.

இதுதான் உதாரணம், பிள்ளை. எழும்பிச் சொல்.

இன்னொன்று. தவக்காலத்தின் முதல் வெள்ளி கனடாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை போன் எடுத்ததாக வாசல் சிஸ்டர் இன்று சொன்னா. மரணமில்லை என்றதால் அப்போது உள்ளே சொல்லவில்லையாம். நீயா? மரணமில்லை என்று கேட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்.

அன்புடன்,
மாமி பேர்ணடெற்


ரூஜ்
25.05.2025

அன்புள்ள சிஸ்டர் மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கரோலின் அன்ரி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிவிட்டா. சுவாமி வந்து மந்திரித்தார். இங்கே இப்போது மரமெல்லாம் துளிர்த்திருக்கிறது. நீங்கள் எழுதிய விபரத்துக்கு நன்றி. உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

நிரோஷினி


அடைபட்ட மடம்
15.08.2025

இயேசுவில் அன்பான நிரோவுக்கு,

சமாதானம். உன் கடிதம் ஆனியில் வந்தது. ஐந்து வரி. 417 பற்றி ஒரு சொல் இல்லை. 305 பற்றியும் இல்லை. அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உன்னைக் கேட்பதற்கு முதல் நான் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. மதர் இதை வாசிப்பா. வாசிக்கட்டும்.

போன கடிதத்தில் மணி அடித்தது என்று எழுதியிருந்தேன். மணி தானாக அடிப்பதில்லை.

கயிறு பிடித்தது நான். பெடியள் பின்னறையில் இருப்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். தம்பிக்கு மீன் பொரித்துத் தனியாகக் கட்டியிருந்தேன். அவர்கள் இருக்கும் இடத்தைத் தேடித்தான் பொம்மர் வரும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். சந்தையில் குண்டு விழுந்தது, கை கயிற்றுக்குப் போய்விட்டது. அடித்துக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்தது. நிறுத்தினேனா? இல்லை. நிறுத்தினால் அரைவாசிச் சனம் வெளியில் நிற்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

என் தோளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பொம்மரில் வந்தவன் குற்றவாளி. கோயிலுக்குள் ஆயுதத்தோடு இருந்தவர்களும்தான். இரண்டையும் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லி முடித்த பிறகும் கயிறு என் கையில் இருக்கிறது.

இனி நீ எழுது. என்ன நடந்தது?

மாமி பேர்ணடெற்


ரூஜ்
29.11.2025

அன்புள்ள சிஸ்டர் மாமிக்கு,

உங்கள் சுகத்துக்காக நாங்கள் செபிப்பதாக எழுதத்தான் தொடங்கினேன். நான் செபிப்பதில்லை. அம்மா செபிக்கிறா.

நாளைக்குத் திருவருகைக் காலம் தொடங்குகிறது. இந்தக் கடிதம் வந்துசேரும்போது பெட்டி மூடியிருக்கும். நத்தார் முடியும்வரை நீங்கள் இதைத் திறக்கமாட்டீர்கள். இந்தமுறை இது மறதியால் அல்ல. தெரிந்துதான் எழுதுகிறேன்.

விபூதிப் புதனன்று விடியப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். அம்ஹர் நானா, “நெத்தியில ஊத்தை பட்டிருக்கு” என்று துடைக்க ரிசு பேப்பர் நீட்டினார். அப்போதுதான் விளங்கியது. தவக்காலம். நான் உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன், உங்கள் கதவு மூடிவிட்டது. இருபது வருடம் கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்ந்தவள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. என்னை எழுதச் சொன்ன உங்கள் மாசி மாதக் கடிதம் எண் கொடுத்த அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்தது.

பத்தாம் திகதி கூட்டத்தில், ஓசை கேட்டால் சனம் தடித்த சுவருக்கு ஓடிவரும் என்று சொல்ல எழும்பினேன். எழும்பினேன், மாமி. “தரவு இருக்கா?” என்று ஒருவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். என் கையில் ஒன்றும் இல்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டேன். மூன்று என்று எழுதினேன்.

பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, முதல் குண்டு இரண்டு தெரு தள்ளி வேறெதற்கோ விழுந்தது. தெருச் சனம் முழுதும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடியது. மணி தேவைப்படவில்லை. இருபது நிமிடத்துக்குப் பிறகு இரண்டாவது விமானம் வந்தது. ஐம்பத்தெட்டுப் பேர். நிலக்கீழ் அறையில் அவர்கள் தேடிய நான்கு பேரும் இருந்தார்களாம். அதனால் அது நல்ல நாள் என்று கணக்கில் போனது. திங்கட்கிழமை படத்தில், வளவில் காய்ந்த மரம் மட்டும் நின்றது. அதன் கிளையில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். எண்ணினேன். பழக்கம்.

விசாரணை ஒன்று நடந்தது. என் எண் சரி என்று முடிவு. அந்த நேரத்தில், வழமையாக, அங்கே மூன்று பேர்தான். அம்ஹர் நானாதான் வந்து சொன்னார். “உங்கட நம்பர்ல பிழை இல்ல.” என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள்.

உங்கள் உயிர்ப்புத் திருநாள் கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு மாதம். நீங்கள் சொன்ன உதாரணத்தை யாருக்கும் காட்டவில்லை. ஒரு கன்னியாஸ்திரி, ஒரு பூனை, நூற்றைம்பது பேர். அதைப் படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் நிரப்புவது?

இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். 305 இன்னும் நிற்கிறது. அந்தக் குழந்தை இப்போது நடக்கத் தொடங்கியிருக்கும். கொடியில் உடுப்பு நீண்டிருக்கிறது. நான் போனால் யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு காலையும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். நீங்கள் சொல்லிக்கொள்ளும் அந்த அரைவாசிச் சனத்தைப்போல.

அப்பா இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். இப்போது நானும் பக்கத்தில் நிற்கிறேன். பூசை முடியும்வரை இரண்டு பேரும் கார்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

போன் எடுத்தது நான்தான். பங்குனி ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகமுதல் காலை ஏழு மணிக்கு. உங்களுக்கு அப்போது பின்னேரம். வாசல் சிஸ்டர், “யாரும் மரணமோ, பிள்ளை?” என்று கேட்டா. ஓம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் உங்களைக் கூப்பிட்டிருப்பா. நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்நியர் ஒருவரிடம், அதுவும் ஒரு சிஸ்டரிடம், பொய் சொல்ல வாய் வரவில்லை. இருபத்தாறு என்று எழுதிப் பிடிபட்டதும் நினைவு வந்தது.

“இல்லை, சிஸ்டர்” என்றேன். “அப்ப உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறுங்கோ” என்றா. ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் அன்றைக்குச் சொன்னது உண்மைதான், மாமி. அன்றைக்கு ஒருவரும் சாகவில்லை. இன்னும் ஒரு கிழமை இருந்தது.

உங்கள்,
நிரோஷினி